புல்லின் மேல் போட்ட பழி

ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் சின்னக் கிளாக்கராக இருந்த காலத்தில், ஞாயிறன்று துரைமார் கோல்ஃப் ஆடினால் திங்களன்று எனக்குத் தலைவலி. யார் எப்படி ஆடினார் என்று ஆங்கிலத்தில் அரைப்பக்கம் டைப் அடித்து கிளப் பலகையில் ஒட்ட வேண்டும். அந்த மட்டையை நான் தொட்டதுகூடக் கிடையாது. எழுதி எழுதி அலுத்துப் போயிருந்தது.

கிளப் மைதானத்தில் புல் வெட்டி, உருளை இழுத்தது என் அண்ணன். தேயிலைக்கு நடுவே வெட்டிய கானில், அந்த வடிகாலில், விழுந்து முழங்கால் போன பிறகு, மலை ஏற முடியாதவருக்குக் கிடைத்த ஒரே சமதரை வேலை அது.

ஒரு ஞாயிறு எங்கள் துரை படுமோசமாக ஆடினார். குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய இடத்துக்குக் கிரீன் என்று பெயர். அங்கே பந்தை மெல்லத் தட்டிக் குழிக்குள் விடுவது பட்டிங். இரண்டு தட்டில் முடிய வேண்டியதை, நான்கு கிரீன்களில் மும்மூன்று தட்டாக இழுத்தார். அதற்கு ஆங்கிலத்தில் கச்சிதமான சொல் 'த்ரீ-பட்டட்'. பழைய சஞ்சிகை ஒன்றில் தேடிப் பிடித்து அப்படியே எழுதினேன்.

பெரிய கிளாக்கர் பார்த்துவிட்டு, "ஏன்யா, தொரைக்கு அடிக்கத் தெரியலன்னு அவரு மெசின்லயே அடிப்பியா? மாத்து" என்றார்.

மாற்றினேன். கிரீன்கள் மேடும் பள்ளமுமாக இருந்ததால் துரையின் பட்டிங் கெட்டது என்று நீளமாக, பிழையில்லாத ஒரு வாக்கியம். அதை எழுதும்போது அண்ணன் என் நினைவிலேயே இல்லை, வாக்கியம்தான் இருந்தது. துரை வாசித்துவிட்டு, "வெரி குட்" என்றார். வெட்கங்கெட்டவன், எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

புதன்கிழமை காலைப் பெரட்டில் ஆட்களைப் பிரித்தபோது, அண்ணனை மலை வேலைக்குப் போகச் சொன்னார், வேலையாட்களை மேற்பார்க்கும் கண்டக்டர். புல்லுக்கு வேறு ஆள் போட்டாயிற்று. துரையிடம் உண்மையைச் சொல்ல இரண்டு தடவை அவருடைய அறை வாசல் வரை போனேன். இரண்டு தடவையும் திரும்பி வந்தேன். பயம், வேறென்ன.

அன்று சாயங்காலம் அண்ணன் வீங்கிய முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"தம்பி, நீதான் டைப் அடிச்சியாமே. புல்லுல என்னா கொறன்னு போட்டிருந்திச்சி?"

"மேடும் பள்ளமுமா இருந்திச்சின்னு."

"அப்பிடியா? சனிக்கெழம ரெண்டு தரம் உருட்டுனேனே." எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டார். "என் கண்ணுக்குத்தான் தெரியல போல. நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்."

புல் சரியாகத்தான் இருந்தது என்று, அவர் சாகும்வரை நான் சொல்லவில்லை.