மாற்றாத பேட்டரி

கேமரா பேட்டரி உப்பிப்போயிருந்தது. உள்ளங்கையில் நாலு தட்டு தட்டினால்தான் வெளியே வரும். முழுதாகச் சார்ஜ் ஏறியதாகக் காட்டும். ஐம்பது படத்துக்குள் சிவப்பு எரியும். வேம்பாரில் ஒரு பிள்ளை முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை விழா, படம் எடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அது முடியட்டும், புதிது வாங்கலாம் என்று இருந்துவிட்டேன். கஞ்சத்தனம்தான், வேறென்ன.

அங்கே கேக் வெட்டுவதற்கு முன்பே சிவப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பிள்ளையின் தாத்தா, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, என்னையத் தனியா ஒண்ணு எடுப்பா."

மிச்சமிருந்த சார்ஜ் கேக்குக்கு வேண்டும். ஃபிளாஷுக்குத் தனி பேட்டரி உண்டு. படம் எடுக்காமல் ஃபிளாஷை மட்டும் ஒரு மின்னு மின்னவிட்டு, "நல்லா வந்திருக்கு ஐயா" என்றேன். எங்கள் தொழிலில் இது நடப்பதுதான்.

மறுவாரமே புது பேட்டரி வாங்கினேன்.

நான்கு மாதம் கழித்து அந்தத் தாத்தாவின் மகள் என் ஸ்டுடியோவுக்கு வந்தார். பெரியவர் தவறிவிட்டாராம்.

"மாலை போட அந்தப் படம் வேணும் அண்ணாச்சி. நல்லா வந்திருக்கும்னு அப்பா சொல்லிக்கிட்டே இருந்தாவ."

கம்ப்யூட்டரைத் திறந்து, தேடுவதுபோல் நடித்தேன். அந்தப் படத்துக்காக இது இரண்டாவது நடிப்பு.