துடைத்துக் கொடுத்த சாவி

சாவியைக் கொடுக்கும் முன் காரணக்கா அதைத் துணியால் துடைக்கிறார். ஒரு பக்கம், மறுபக்கம், அப்புறம் வளையம். காலை ஐந்து மணி, எங்கள் பஸ் டிப்போவின் சாவி ஜன்னல். வெளியே டிரைவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். முந்தின நாள் வண்டியை விட்டவர்கள் கிரீஸ் கையோடு சாவியை மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். பிசுக்கென்றால் அவருக்கு ஆகாது, அதனால் துடைக்கிறார். விஷயம் அவ்வளவுதான்.

டிரைவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். ஒருநாள் அவசரத்தில் ஒரு சாவியைத் துடைக்காமல் நீட்டிவிட்டார். வாங்கியவர் சுட்டதுபோல அதை ஜன்னல் பலகையில் போட்டார். "துடைக்காம குடுத்துட்டீங்களே அக்கா? புள்ளகுட்டிக்காரன் நான்!"

காரணக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்து நூல் சுற்றியிருக்கும். எதைச் சொன்னாலும் "காரணம் என்ன?" என்று கேட்பதால் இந்தப் பெயர். பஸ் தாமதமானால் கேட்பார், மேனேஜர் சிரித்தாலும் கேட்பார். நான் பக்கத்து மேசையில் வண்டிகள் கிளம்பும் நேரத்தைக் குறிப்பவன். தினமும் ராசிபலன் படிப்பேன். நம்பிப் படிப்பதில்லை, படித்த பிறகு நம்புவேன். "இன்னிக்கு எனக்கு வீண் அலைச்சலாம்" என்று ஒருமுறை சொன்னேன். "உங்க ராசிக்காரங்க ஊர்ல எத்தனை பேரு சார்? எல்லாருமா அலையறாங்க?" என்றார். அன்று நான் அலைந்தேன். அவரிடம் சொல்லவில்லை.

டிரைவர்கள் அவருக்குக் கைராசிக்காரர் என்ற பட்டம் தந்த கதை இது. நான்கு வருஷம் முன்பு அவர் இந்த ஜன்னலுக்கு வந்தார். அந்த வருஷம் டிப்போவில் ஒரு விபத்துகூட இல்லை. புதிதாக வந்தது யார் என்று யாரோ யோசித்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். "குழாய் போடறேன்னு வருஷம் பூரா ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தாங்கப்பா. நடந்து போறவன் பஸ்ஸைத் தாண்டிப் போனான். எங்க இடிக்கிறது?" என்று இவர் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னார். தன்னடக்கம் என்று பாராட்டினார்கள்.

அவர் பௌத்தர் என்பது தெரிந்ததும் டிரைவர்கள் சேர்ந்து, சிரிக்கும் புத்தர் என்று ஒரு தொப்பைப் பொம்மை வாங்கித் தந்தார்கள். போகிற வருகிறவர்கள் ஜன்னல் வழியே கையை விட்டு அதன் வயிற்றைத் தடவுவார்கள். பொன் வண்ணம் போய் இப்போது தொப்புளில் மண் தெரிகிறது. "இவரு புத்தரே இல்ல, வேற யாரோ. ஆனாலும் பாவம், வயிறு தேயுது" என்று சொல்லிவிட்டு, காரணக்கா அதைத் தாள்கள் பறக்காமலிருக்க மேலே வைக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தையல் கடையின் மாடிக்குப் போவார். அங்கே பன்னிரண்டு பேர் கண்ணை மூடி உட்காருகிறார்களாம். மற்றவர்கள் உள்ளே என்ன செய்கிறார்களோ, இவர் காரணம் தேடிக்கொண்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. "நாள் பார்க்கறது, குறி சொல்றது, இதையெல்லாம் பொழப்பா வச்சுக்காதீங்கன்னு புத்தர் தன் ஆளுங்ககிட்ட சொல்லியிருக்காரு சார். இது இருக்கறதால அது வருது, இது போனா அதுவும் போகும். அதைப் பாருன்னாரு" என்பார். அப்படியானால் விதி என்று ஒன்று கிடையாதா என்று கேட்டேன். "செஞ்சதுக்குப் பலன் உண்டு. ஆனா இப்ப செய்யறதும் செய்யறதுதானே?" என்றார். எனக்கு அன்று பாதிதான் புரிந்தது. மீதி போன மாதம் புரிந்தது.

போன மாதம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க அவர் இரண்டு நாள் லீவு போட்டார். மாற்றுக்கு வந்தவர் சாவிகளைத் துடைக்காமல் கொடுத்தார். டிரைவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போனார்கள். இரண்டாம் நாள், காரணக்காவின் கூடப்பிறந்த தம்பி ஓட்டிய பஸ்ஸில் முன்பக்க இடது டயர் வெடித்தது. வண்டி நடைபாதையில் ஏறி விளக்குக் கம்பத்தைச் சாய்த்தது. பயணி ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்தது. தம்பிக்கு நெற்றியில் ஆறு தையல். ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்திருந்தவன் அக்காவைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "நீ லீவு போட்டே. அதான்."

மேனேஜர் "எல்லாம் விதி" என்றார். காரணக்கா வீங்கிய கன்னத்தோடு அவரைப் பார்த்தார். "விதின்னா டயரைப் பார்க்க வேண்டாம். அதிர்ஷ்டம்னாலும் டயரைப் பார்க்க வேண்டாம். ரெண்டுலயும் டயர் மட்டும் தப்பிச்சுக்குது சார்." பிறகு ஒர்க்‌ஷாப்புக்குப் போய், வெடித்த டயரின் முன்னால் அரைமணி நேரம் குந்தியிருந்தார். மெக்கானிக்கைத் துளைத்து எடுத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"பக்கவாட்டுல வீக்கம். நாலு நாளா இருந்திருக்கு சார். அதுல ரெண்டு நாள் சாவி குடுத்தது நான். துடைச்சுத்தான் குடுத்தேன்."

என் மேசையில் ஒரு தாள் உண்டு. வண்டியைச் சுற்றிப் பார்த்தேன், டயர் சரி, பிரேக் சரி, விளக்கு சரி என்று டிரைவர் குறியிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். வரிசையில் நின்றபடியே, முன்னால் நிற்பவர் முதுகில் வைத்துக் குறியிடுவார்கள். அக்கா துடைத்துக் கொடுத்த பிறகு சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது? நான்கு நாள் தாள்களையும் எடுத்தேன். நான்கிலும் தம்பியின் கையெழுத்து, நான்கிலும் டயர் சரி. வாங்கி அடுக்கியவன் நான். எனக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் தம்பியின் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். "அண்ணி, இனிமே லீவே போடாதீங்க. பல்லு வலிச்சா வலிச்சுட்டுப் போகட்டும். உங்க கைதான் அவரைக் காப்பாத்தணும்" என்று அழுதாள். காரணக்கா இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு அவர் தன் ராசியைக் கெடுக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரு வாரம் சாவியைத் துடைக்காமல் கொடுத்தார். டிரைவர்கள் அவரவர் வீட்டிலிருந்தே துணி கொண்டுவந்து, "தொட்டாவது குடுங்க அக்கா" என்றார்கள். ஒர்க்‌ஷாப்புக்கு மாற்றல் கேட்டார். "டிப்போவுக்கே நீங்கதான் ராசி" என்று மேனேஜர் மனுவை மடித்துத் திருப்பித் தந்தார். தம்பியிடம் வீட்டுக்கே போய் மன்றாடினார். "டயரைப் பாருடா. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எந்தக் காரணத்தைச் சொல்லி மனசை ஆத்திக்குவேன்?" அவன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். "நீ துடைச்சுக் குடு. எனக்கு ஒண்ணும் ஆகாது."

அடுத்த திங்கட்கிழமை நான் வந்தபோது சாவிப் பலகையில் ஒரு சாவிகூட இல்லை. காரணக்கா டார்ச்சோடு வெளியிலிருந்து வந்தார், முட்டி இரண்டிலும் மண். டிரைவர்கள் பதறினார்கள்.

"துடைச்சுத்தான் வச்சிருக்கேன். அவங்கவங்க வண்டியில ஏதாவது ஒரு சக்கரத்துக்குப் பின்னால இருக்கு. குனிஞ்சு பாருங்க."

முப்பது டிரைவர்கள் வாசல் பூட்டிய அந்த வளாகத்தில் குனிந்து நிமிர்ந்ததை நான் இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டேன். ஆளாளுக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றே இரண்டு வண்டிகள் காற்றில்லாத டயருக்காக நிறுத்தப்பட்டன. நான் சும்மா இருக்கமாட்டாமல், "ராசின்னு நம்பித்தானே குனியறாங்க? இது ஏமாத்தறது இல்லையா?" என்று கேட்டேன். "நான் ராசின்னு சொல்லல சார், சாவின்னுதான் சொன்னேன்" என்றார். கொஞ்ச நேரம் துணியை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். "நீங்க கேக்கறதும் சரிதான். எனக்கும் உறுத்துது."

இந்த வாரம் தம்பி வேலைக்குத் திரும்பினான். நெற்றியில் புதுத் தழும்பு. மற்றவர்களைப் போல அவனும் குனிந்தான். மூன்றாவது சக்கரத்தில் சாவி கிடைத்துவிட்டது, ஆனால் அவன் நிமிரவில்லை. ஜன்னலிலிருந்து அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். அவன் அந்தப் பின்பக்க இரட்டைச் சக்கரத்தின் இடுக்கில் கையை விட்டு, தடவித் தடவிப் பார்த்தான். பிறகு மிச்சமிருந்த சக்கரங்களையும் ஒவ்வொன்றாகக் குனிந்து தடவினான். அவனைத் தேடச் சொன்னவர் யாருமில்லை. சாவி ஏற்கெனவே பையில் இருந்தது.

ஜன்னலுக்கு வந்து சாவியைத் திருப்பி வைத்தான். "பின்னாடி உள் டயர்ல விரல் நீளத்துக்கு வெட்டு. இந்த வண்டியை எடுக்கமாட்டேன். வேற குடு." அப்புறம் கண் கலங்கச் சொன்னான்: "நல்லவேளை, நீ சரியா அங்க வச்சே. எல்லாம் உன் கைராசி அக்கா."

தம்பியின் உள்ளங்கை முழுக்க டயர் கறுப்பு. காரணக்கா அந்தக் கையை ஜன்னல் வழியே இழுத்து, சாவி துடைக்கும் துணியால் துடைத்தார். ஒரு பக்கம், மறுபக்கம், அப்புறம் விரல் இடுக்குகள்.

வரிசையில் அடுத்து நின்றவர் சட்டென்று தன் கையையும் உள்ளே நீட்டினார். காரணக்கா அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழுக்கே இல்லை. துணியை மடித்து வைத்துவிட்டு, வெளியே நின்ற பஸ்களை விரலால் காட்டினார்.