தகரக் கொட்டகை என்ற நான்காவது கோரிக்கை

பரிமளா பேரம் பேசிய அன்று முதலாளியின் மின்விசிறியே பயந்து நின்றுபோனது என்று உத்திரமேரூர் முழுக்கக் கிளப்பிவிட்டவள் நான்தான். அது மின்வெட்டு. இனி எழுதப்போவதில் அப்படிப்பட்ட சேர்மானம் எதுவும் இல்லை.

அரிசி ஆலைக் களத்தில் அவித்த நெல்லைக் காலால் கிளறிக் காயவைப்பவள் பரிமளா. முப்பத்திரண்டு பெண்கள் சங்கம் வைத்தபோது, அதிகம் பேசாதவள் என்பதற்காகவே அவளைப் பேச்சுவார்த்தைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் மௌனம் தாங்காமல் முதலாளி அடுத்த படிக்குத் தானே இறங்கி வந்துவிடுவார் என்பது கணக்கு.

ஓய்வுபெற்ற டீச்சர் என்பதால் கோரிக்கை மனுவை எழுதித் தந்தது நான். கூலி உயர்வு, வார விடுமுறை, பி.எஃப். என்று மூன்று. "விட்டுக்கொடுக்கறதுக்குன்னே நாலாவதா ஒண்ணு சேத்துக்கோ. அதை எடுத்துட்டா, தானே ஜெயிச்சதா அவரு நெனைப்பாரு" என்று பரிமளாவுக்கு யோசனையும் சொன்னேன்.

களத்தில் மூத்தவளான சிட்டம்மாள் மறுநாள் பரிமளாவிடம் வந்தாள். "நெல்லு நனையக் கூடாதுன்னு தார்ப்பாய் வாங்கிக் கீறாரே, மத்தியானம் நாம குந்த ஒரு தகரக் கொட்டாய் கேளேன்."

நாலாவது கிடைத்துவிட்டது. எதை விடப்போகிறோம் என்பது கசிந்தால் பேரமே போய்விடும் என்று நானும் பரிமளாவும் வாயைத் திறக்கவில்லை. சிட்டம்மாளோ பத்து நாளும் களத்தோர மண்ணில் காலால் கோடு போட்டு, யார் எங்கே உட்காருவது என்று இடம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

பேச்சுவார்த்தைக்கு அவளும் கூடப் போனாள். மூன்றுக்கும் ஒப்புக்கொண்ட முதலாளி, "கொட்டாய் மட்டும் கேக்காதம்மா" என்றார். பரிமளா பெருமூச்சு விட்டாள், எழுந்தாள், வாசல் வரை போய்த் திரும்பினாள். அரை மணி நேரம் கழித்து விட்டுக்கொடுத்தாள். எல்லாம் என் வீட்டில் ஒத்திகை பார்த்தது.

வெளியே வந்ததும் சிட்டம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனுக்காவ எம்மா நேரம் மல்லுக்கட்டுன! போனா போவுது, வுடு கண்ணு."

பரிமளா அன்றைக்கே என் வீட்டுக்கு வந்தாள். "சிட்டம்மா அத்த திட்டியிருந்தாகூடத் தாங்கிக்குவன் டீச்சர். என்னைக் கும்புடுது" என்றாள்.

"ஜெயிச்சாச்சு. வாயை மூடிக்கோ" என்றேன். எத்தனையோ பொய்களைச் சிரித்துக்கொண்டே சொன்னவள் நான். இதைச் சொல்லும்போது சிரிப்பு வரவில்லை.

அவள் என் பேச்சைக் கேட்காமல் களத்திலேயே உண்மையைச் சொல்லிவிட்டாள். சிட்டம்மாள் கிளறுவதை நிறுத்தினாள்.

"அப்போ அந்தப் பெருமூச்சு?"

"சும்மா, அத்த."

"மனு எழுதறப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"எங்கிட்ட சொல்லியிருந்தா நானே வுட்டுக் குடுத்திருப்பனே, பரிமளா."

இந்த ஆண்டு மனுவைப் பரிமளாவே எழுதினாள். கொட்டகைதான் முதல் கோரிக்கை. படித்துக் காட்டியபோது சிட்டம்மாள் கேட்டாளாம்: "நல்லாத்தான் கீது. இந்த வாட்டி யாருத வுடப் போற?"

பரிமளா முப்பத்திரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். எதை விடுவது என்று மாலை வரை எல்லோருமாகச் சேர்ந்து சண்டை போட்டார்களாம். யோசனை சொல்ல என்னை அழைக்கவில்லை. அழைத்திருந்தாலும், சிட்டம்மாள் எதிரில் போய் உட்கார எனக்கு முகமில்லை.