கைக்கு அடக்கமாக ஒன்று

கடைக்குள் வருகிறவர்கள் எல்லாரும் முதலில் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள். "கைக்கு அடக்கமா, சின்னதா ஒரு போன் காட்டுங்க."

கண்ணாடியக்காவுக்கு அது மனப்பாடம். செல்போன் கடையின் மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, புதுப் போன்களின் முகத்தில் பாதுகாப்புக் கண்ணாடி ஒட்டுவதுதான் பல வருஷமாக அவள் வேலை. உள்ளே ஒரு குமிழி தங்காது. அப்படி வந்த பெயர்தான் கண்ணாடியக்கா. வேலைக்குச் சேர்ந்தபோது ஒட்டிய கண்ணாடி ஒரு விளையாட்டுச் சீட்டின் அளவுதான் இருக்கும். இப்போது வருவது பாதி சிலேட்டு அளவு. கண்ணாடி வளர வளர அவள் முதுகும் வளைந்துகொண்டே வந்தது. முக்காலிக்குச் சாய்மானம் கிடையாது.

அதனால்தான் முதலாளி மூட்டு ஆபரேஷனுக்குப் போகும்முன் சொன்னதைக் கேட்டதும் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"இந்த மாசம் சரக்கு எடுக்கிறத நீ பாத்துக்கம்மா. நல்லபடியா போச்சுன்னா அது உன் வேலை. நாற்காலி போட்டு உக்காரு. கண்ணாடி ஒட்ட வேற ஆள் போட்டுக்கலாம்."

"போகலேன்னா அண்ணே?"

"முக்காலி எங்கயும் ஓடிப் போயிடாது."

அவள் யோசித்துத்தான் செய்தாள். தினமும் காதில் விழுவது என்ன? சின்னதாக வேண்டும். கடையில் இல்லாதது என்ன? சின்னது. மொத்த வியாபாரியின் ஏஜென்ட்டைக் கூப்பிட்டுப் பெரிய போன்களைக் குறைத்துவிட்டு, சின்ன போன்களாக ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிறைய அனுப்பச் சொன்னாள்.

"சின்னதா? நிஜமாவாக்கா?"

"இந்தக் காதால கேக்குறேன் தம்பி. நீ அனுப்பு."

சரக்கு வந்தது. முதலாளி இருந்தால் வந்த அன்றைக்கே ஒவ்வொரு டப்பாவின் சீல் ஸ்டிக்கரையும் பிளேடால் கிழித்து, உள்ளே எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து, கடை முத்திரையைக் குத்தி அடுக்கிவிடுவார். என்றைக்கோ ஒரு டப்பாவில் போனுக்குப் பதில் சோப்புக்கட்டி வந்ததிலிருந்து அந்த வழக்கம். கண்ணாடியக்காவுக்கு அது பிடிக்காது. வாங்குகிறவர் தன் கையால் அந்த ஸ்டிக்கரை உரிக்க வேண்டும் என்பது அவள் கட்சி. "கல்யாணப் பொண்ணு முகத்த நாமளே முதல்ல பாத்துட்டு, அப்புறம் மாப்பிள்ளைக்குக் காட்டுறதா?" என்பாள். இதற்காக முதலாளியிடம் எத்தனையோ முறை திட்டு வாங்கியிருக்கிறாள். இப்போது அவர் இல்லை. பார்வைக்கு வைக்க ஒரே ஒரு டப்பாவை மட்டும் பிரித்துவிட்டு, மற்றதை அப்படியே அடுக்கினாள்.

முதல் நாள் ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள்.

"கைக்கு அடக்கமா, சின்னதா..." என்று அந்த அம்மா ஆரம்பித்ததுமே சின்ன போனை எடுத்து நீட்டினாள்.

"ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு! பாருங்களேன், விரல் இந்தக் கோடி வரைக்கும் போகுது."

"ராத்திரி படுத்துக்கிட்டுப் பாக்குறப்ப இது மூக்குல விழுந்தாலும் மூக்கு தப்பிச்சிடும்" என்றார் கணவர். அவருக்கு அந்த அனுபவம் உண்டு போலிருந்தது.

அந்த அம்மா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தங்கச்சி பிள்ளையின் போட்டோ ஒன்றைத் திறந்து, இரண்டு விரலால் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். பிறகு மெதுவாக அதை மேஜைமேல் வைத்துவிட்டு, "அதோ, அந்தப் பெரிசு என்ன விலை?" என்றாள்.

இப்படியே போயிற்று. ஓட்டுநர் ஒருவர் இதில் மேப்பு கண்ணுக்குத் தெரியாது என்றார். டீச்சர் ஒருத்தி விடைத்தாள் பார்க்க வேண்டும் என்றாள். ஒரு பெரியவர் சின்னதைக் கையில் ஏந்தி, "தங்கம் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பெரியதை வாங்கிக்கொண்டு போனார். எல்லாரும் சின்ன போனைக் கொஞ்சினார்கள், அடுத்த வீட்டுக் குழந்தையைக் கொஞ்சுவது போல. யாரும் வீட்டுக்குத் தூக்கிப் போகவில்லை. மிச்சமிருந்த கொஞ்சம் பெரிய போன்கள் தீர்ந்ததும், வந்தவர்கள் எதிர்க்கடைக்குப் போக ஆரம்பித்தார்கள்.

வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஜனங்க ஏன் வாயால ஒண்ணு சொல்லி, கையால ஒண்ணு வாங்குறாங்க?" என்று அடுப்படியில் நின்று புலம்பினாள்.

மகள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். காலேஜ் படிக்கிறவள், வாய் ஜாஸ்தி. "அம்மா, அந்தப் பருப்பு டப்பாமேல சாஞ்சு நிக்குதே, அது யாரோட போன்?"

சீரியல் ஓடிக்கொண்டிருந்த அந்தப் போன், தெருவிலேயே பெரிய போன். கண்ணாடியக்கா தானே தேடிப்பிடித்து வாங்கியது.

"போன வாரம்கூட நீ என்ன சொன்ன? 'இந்தச் சனியன் பையில அடங்க மாட்டேங்குது, சின்னதா இருந்தா நல்லா இருக்கும்'னு."

லிப்ட் மெக்கானிக்கான கணவர் சிரித்துப் புரையேறித் தலையில் தட்டிக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முக்காலிதான் ஞாபகத்துக்கு வந்தது. அதில் இன்னும் எத்தனை வருஷமோ.

திங்கட்கிழமை முதலாளி கைத்தடியோடு வந்து இறங்கினார். அலமாரியைப் பார்த்தார். கைத்தடியால் ஒரு சின்ன டப்பாவைத் தட்டினார்.

"என்னம்மா இது? பொம்மைக் கடை வச்சிருக்கியா?"

"எல்லாரும் கேட்டாங்கண்ணே."

"கேட்டாங்க. எம் பொண்டாட்டியும்தான் இருபது வருஷமா 'ஒரு வாய் போதும், ஒரு வாய் போதும்'னு கேக்குறா. தட்டு காலியானப்புறம்தான் எந்திரிக்கிறா."

ஏஜென்ட்டை வரச் சொன்னார்கள். அவன் வந்ததும் முதலாளி மூச்சுவிடாமல் பேசினார். திருப்பி எடுத்துக்கணும், மாத்திக் குடுக்கணும் என்றார். அவன் கையை விரித்தான்.

"அண்ணே, உங்களுக்குத் தெரியாததா? சீல் உடைச்ச டப்பாவக் கம்பெனி வாங்காது. உங்க கடையில வந்த அன்னைக்கே உடைச்சிடுவீங்க. எத்தன தடவ பாத்திருக்கேன்!"

முதலாளியின் முகம் தொங்கியது. சட்டென்று அவர் கண்ணாடியக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். ஒரு டப்பாவை எடுத்து ஏஜென்ட் கையில் கொடுத்தாள்.

அவன் அதைப் புரட்டினான். சீல் அப்படியே இருந்தது. அடுத்தது. அதுவும். குனிந்து அடித்தட்டிலிருந்து ஒன்றை உருவினான். "என்னக்கா, ஒண்ணுகூடத் தொடலயா?"

"ஒண்ணு தொட்டேன். பார்வைக்கு. அத நானே எடுத்துக்கறேன்."

"அப்போ மிச்சத்த நாளைக்கே வண்டி அனுப்பி எடுத்துக்கறேன். பதிலுக்குப் பெரிசே போட்டுடவா?"

"பெரிசே போடு" என்று முதலாளியும் அவளும் சேர்ந்தாற்போல் சொன்னார்கள்.

அவன் போன பிறகு முதலாளி ஆபரேஷன் காலை நீட்டி உட்கார்ந்தார். நீண்ட மூச்சொன்று விட்டார். "உன் பிடிவாதத்துக்கு நான் திட்டின திட்டெல்லாம்..." என்று ஆரம்பித்து, அதை முடிக்காமல், "தண்ணி குடும்மா" என்றார். குடித்துவிட்டு, "அந்த நாற்காலி ஆடுது. ஆணி அடிச்சுட்டு உக்காரு" என்றார்.

பிரித்த போனைக் கணவருக்குக் கொடுத்தாள். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு லிப்ட் கூண்டுமேல் ஏறலாம், விழாது என்று அவரும் இரண்டு நாள் பெருமை பேசினார். மூன்றாம் நாள் காலை காபியோடு வாசலில் உட்கார்ந்து, போனைக் கை நீண்ட மட்டும் தள்ளிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினார்.

"ஏன்டி, எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஓடுதே. கொஞ்சம் பெரிசா ஏதாவது..."

அவளுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. ஒரு வாரமாக அடைத்துக்கிடந்த சிரிப்பு. கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள்.

நாற்காலியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபோது அன்றைய முதல் ஆள் உள்ளே வந்தார்.

"கைக்கு அடக்கமா, சின்னதா ஒண்ணு காட்டுங்கம்மா."

"அதுக்கென்ன, காட்டிட்டாப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியக்கா பெரிய போன் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.