வளையல் போட்டு அனுப்பிய பெண்ணை விமானம் ஏற்றவில்லை

சுபாங் விமான நிலையத்தில், உள்நாட்டுப் பயணக் கவுண்டர் முன்னால் அன்று நின்றவர்கள் நான்கு பேர். நான், என் மகள் சிவகாமி, நிறைமாதக்காரி, அவள் கணவர் பாலன், எங்களைப் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஏற்றி வந்து, பெட்டி தூக்க உள்ளேயும் வந்த டாக்சிக்கார மாணிக்கம் அண்ணன். சம்பந்தி அம்மா வரவில்லை. மருமகளைப் பிரசவத்துக்கு அனுப்பிய பிறகு பின்னாலேயே வாசல் இறங்கக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

நாங்கள் இருப்பது கடல் தாண்டிச் சபாவில், கோத்தா கினபாலுவில். என் வீட்டுக்காரர் அங்கே அரசாங்க வேலையில் இருக்கிறார். மகளைக் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் கட்டிக்கொடுத்தோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. புகுந்தவீட்டுக்கும் தாய்வீட்டுக்கும் நடுவில் கடல் இருந்தால் என்ன ஆகும் என்பது இந்த மாசி மாதம்தான் எனக்குத் தெரிந்தது. என்னைப் போல மகளை அழைத்துவர விமானம் ஏறப்போகிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

முதலில் கட்டணம். கோத்தா கினபாலுவுக்கும் கோலாலம்பூருக்கும் பகல் விமானத்தில் ஒரு வழி 380 மலேசிய வெள்ளி. இரவு விமானம் 266. எனக்குப் பதினான்கு நாளுக்கு முன்பே பணம் கட்டும் சலுகை டிக்கெட் எடுத்தோம், பகல் விமானத்துக்கே போகவர 532. அதில் மலிவு உண்டு, ஆனால் நாளை மாற்ற முடியாது, போகாவிட்டால் பணம் திரும்பாது. இதை டிக்கெட் போட்ட பிரிக்பீல்ட்ஸ் ஏஜண்டு போனிலேயே சொன்னார், நானும் சரி என்றேன். மாற்ற வேண்டிவரும் என்று யார் நினைப்பார்கள்? மகளுக்கு மட்டும் முழுக் கட்டணத்தில் பகல் டிக்கெட் போட்டோம். வயிற்றுப்பிள்ளைக்காரியை இருட்டில் கூட்டிப்போக எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஏஜண்டு நல்ல மனிதர்தான். “அக்கா, திரும்பி வரப்போ கைக்குழந்தைக்குப் பத்துல ஒரு பங்குதான். முப்பத்தெட்டு வெள்ளி. சீட்டு கெடையாது, மடியிலதான் வைக்கணும்” என்றார். விமானக் கட்டணம் ஏறப்போகிறதாகப் பேச்சு இருக்கிறது, இப்போதே எடுத்துவிடுங்கள் என்றும் சொன்னார். “டாக்டர் லெட்டர் ஒண்ணு கையில வச்சுக்குங்க, கேப்பாங்க.” கேட்பார்கள் என்றார். கேட்டுவிட்டு என்ன செய்வார்கள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் விசாரிக்கவில்லை.

தவறு அங்கே தொடங்கவில்லை. வளைகாப்பை ஏழாவது மாதத்தில் வைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. ஏழாவது மாதம் மார்கழியில் விழுந்தது. மார்கழியில் எந்தச் சுபகாரியமும் ஆகாது என்றார் சம்பந்தி அம்மா. நானும் ஆமாம் என்றேன். எட்டில் வளையல் போடுவதில்லை. ஒன்பதில், மாசியில், வளர்பிறைப் புதன்கிழமை பார்த்து வைத்தோம். நட்சத்திரம் பார்த்தோம், திதி பார்த்தோம், ராகுகாலம் பார்த்தோம். வாரக்கணக்கை யாரும் பார்க்கவில்லை.

நான் நான்கு நாள் முன்னதாகவே வந்து இறங்கினேன். மறுநாள் பாலனோடு மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போய்க் கண்ணாடி வளையல் ஆறு டஜன், பிரசவ மருந்துக்கான சரக்கு, பெருங்காயம், சுக்கு, இடுப்பில் கட்ட ஒன்பது முழத் துணி எல்லாம் வாங்கினோம். அந்தச் சரக்கு கோத்தா கினபாலுவில் கிடைப்பது சிரமம். பெட்டியில் அடுக்கிய பிறகு எடை பதினெட்டு கிலோ. ஒரு ஆளுக்கு இருபது கிலோ அனுமதி. சரியாகக் கட்டிவிட்டோம் என்று அன்று சந்தோஷப்பட்டேன்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு வளைகாப்பு. பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் பிறக்கிறது என்பதால் 11.40க்கே வாசல் தாண்டினோம். விமானம் 3.20க்கு. சிவகாமியின் இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். கால் மட்டும் வீங்கியிருந்தது, செருப்புக்குள் போகவில்லை. ரப்பர் சிலிப்பர் போட்டுக்கொண்டுதான் காரில் ஏறினாள்.

மாணிக்கம் அண்ணன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். “என்னக்கா, ரெண்டே பெட்டிதானா? தாய்வீட்டுக்குப் போற பொண்ணுன்னதும் அம்மிக்கல்லு வரைக்கும் ஏத்தணுமோன்னு பயந்துட்டேன்.”

“அம்மிக்கல்லுக்கு எக்ஸ்ட்ரா சார்ஜ் கேப்பான் அண்ணே” என்றாள் சிவகாமி. அன்று அவள் சிரித்தது அது ஒருமுறைதான்.

டாக்சிக்கு 17 வெள்ளி. பஸ்ஸில் போனால் இரண்டு வெள்ளிக்குள் முடியும், ஆனால் கோலாலம்பூரிலேயே இருக்கும் கிள்ளான் பஸ் ஸ்டாண்டு வரை நடக்க வேண்டும், அவளால் ஆகாது. விமான நிலைய வரி தனி, அதற்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

கவுண்டரில் என் டிக்கெட்டை முதலில் வாங்கினார்கள். என் பெட்டி பெல்ட்டில் ஏறிப் போய்விட்டது. அதன் பிறகுதான் அந்த மலாய்க்காரப் பெண் தலையை நிமிர்த்திச் சிவகாமியைப் பார்த்தாள். எத்தனை மாதம் என்று கேட்டாள். ஒன்பதாவது நடக்கிறது என்றேன். கடிதம் கேட்டாள். கிளினிக்கில் வாங்கிய கடிதத்தைப் பெருமையாக எடுத்து நீட்டினேன். உடம்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். கூடவே முப்பத்தாறு வாரம் என்றும் எழுதியிருந்தார். அவள் உள்ளே போய்ப் பெரிய அதிகாரியைக் கேட்டுவிட்டு வந்தாள்.

“மக்சிக், மாஃப். இனி தா போலே” என்றாள். அம்மா, மன்னியுங்கள், இது முடியாது என்று அர்த்தம். முகத்தில் கடுமை இல்லை.

மாணிக்கம் அண்ணன் அவளோடு மலாயில் பேசிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். “முப்பத்தஞ்சு வாரத்தோட சரியாம்க்கா. அதுக்கு மேல யாரா இருந்தாலும் ஏத்த மாட்டாங்களாம். மேல போய் வலி எடுத்தா யார் பார்க்கறதுன்னு கேக்குது. என்கிட்டயா கேக்குது பாருங்க, நான் கார் ஓட்டறவன்.”

ஒரு வாரம். போன புதன்கிழமை வந்திருந்தால் ஏற்றியிருப்பார்கள். போன புதன் தேய்பிறை.

பாலன் பொதுத் தொலைபேசியில் காசு போட்டுத் தன் அம்மாவைக் கூப்பிட்டார். இரண்டு நிமிடம் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு ரிசீவரை என்னிடம் கொடுத்தார்.

“சம்பந்தி, நான் வேணாம்னு சொல்லல” என்றார் அந்த அம்மா. “வளையல் போட்டு வாசல் தாண்டியாச்சு. இனி பிள்ளையோடதான் வாசல் ஏறணும். என் நாத்தனார் இப்படித்தான், ரயில் தவறிப்போச்சுன்னு அன்னிக்கே திரும்பி வந்துச்சு. அந்தப் பிள்ளை தங்கல. நீங்களும் விளக்கேத்திச் சாமி கும்பிடறவங்க. நீங்களே சொல்லுங்க, வரச் சொல்லவா?”

வரச் சொல்லுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் அந்தக் கணக்கில் வளர்ந்தவள்தான். என் மகள் விஷயத்தில் மட்டும் அது பொய்யாக இருக்கட்டும் என்று அம்மனிடம் எப்படிக் கேட்பது? காசு தீர்ந்து லைன் அறுந்தது.

“அத்தை, நான் வீட்டுக்குப் போய் நேரா பேசறேன் லா. அம்மா எறங்கி வந்துருவாங்க” என்றார் பாலன்.

சிவகாமிதான் தலையசைத்தாள். “வேணாங்க. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, நான் திரும்பி வந்ததாலதான்னு ஒரு சொல்லு வரும். அந்தச் சொல்லோட ஆயுசுக்கும் அந்த வீட்டுல இருக்க முடியாது.”

விமானத்துக்குக் கூப்பிட்டார்கள். என் சீட்டு உறுதி, நான் போகலாம். அங்கே வீட்டுக்காரர் சர்க்கரை நோயாளி, தனியாகச் சமைத்துக்கொண்டிருக்கிறார். இங்கே இவள் போகவும் முடியாமல், திரும்பவும் முடியாமல், ரப்பர் சிலிப்பரோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். போர்டிங் அட்டையைக் கவுண்டரில் திருப்பிக் கொடுத்தேன். பெட்டியை இறக்க நேரமில்லை, அது போய்விடும் என்றார்கள். அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் விமான நிலையத்துக்கு வந்து காத்திருந்து, பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். பிரசவ மருந்துச் சரக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது. மறுநாள் போனில், “சாமான் வந்துருச்சு. ஆளுங்க எப்ப வரீங்க?” என்றார். பக்கத்து வீட்டில் சோறு கொடுக்கிறார்களாம். நம்பினேன்.

கிள்ளானில் என் பெரியம்மா மகள் லோகா அக்கா இருக்கிறார். வேறு போக்கிடம் இல்லை. மாணிக்கம் அண்ணன் 22 வெள்ளிக்கு அங்கே கொண்டுபோய் விட்டார். பெடரல் ஹைவேயில் கார் குலுங்கும்போது வளையல் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா வாசலிலேயே ஆரத்தி சுற்றித்தான் உள்ளே விட்டார். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கால் வீக்கத்துக்குப் பார்லி கஞ்சி வைத்துக் கொடுத்தார்.

அடுத்த நாட்களில் பாலன் அலைந்ததையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு அலைச்சல் மிச்சமாகும். கிள்ளான் துறைமுகத்தில் சபா போகும் கப்பலை விசாரித்தார். இந்த நிலையில் கப்பலிலும் ஏற்ற மாட்டார்களாம். ஏஜண்டிடம் போனோம். சிவகாமியின் முழுக் கட்டண டிக்கெட்டுக்குப் பிடித்தம் போக 342 வெள்ளி ஆறு வாரத்தில் வரும். என் திரும்பு பயணத்துக்கு ஒன்றும் வராது. “சலுகை டிக்கெட் அப்படித்தான்க்கா. நான் அன்னிக்கே சொன்னேன்ல” என்றார். சொன்னார்தான்.

மகளை அழைத்துவரப் போகும் தாய்மார்களுக்கு நான் சொல்வது இதுதான். நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்தோடு டாக்டரின் வாரக்கணக்கையும் வைத்துப் பாருங்கள். நம் பத்து மாதக் கணக்கு வேறு, அவர்கள் நாற்பது வாரக் கணக்கு வேறு. டிக்கெட் எடுக்கும் முன் விமான அலுவலகத்தில் நேரில் போய், எத்தனை வாரம் வரை ஏற்றுவீர்கள் என்று கேளுங்கள். ஏஜண்டைக் கேட்டால் போதாது. ஏழில் நாள் அமையாவிட்டால் பெண்ணை ஏழிலேயே கூட்டிப்போய், சம்பந்தி வீட்டாரை அங்கே வரவழைத்து வளையல் போடுங்கள். நான்கு பேர் டிக்கெட் ஆனாலும் பரவாயில்லை. உங்களுக்கும் முழுக் கட்டண டிக்கெட்டே எடுங்கள். மருந்துச் சரக்கைக் கைப்பையில் வையுங்கள்.

லோகா அக்கா வீட்டில் நாங்கள் தொடர்ந்து இருக்க முடியாது. பந்திங்கில் கட்டிக்கொடுத்த அவருடைய மகளும் பிரசவத்துக்கு வருகிறாள். அடுத்த வெள்ளிக்கிழமை நாள் பார்த்தாயிற்று. ஒரு கூரையின் கீழே இரண்டு பிரசவம் ஆகாது. அக்கா அதை என்னிடம் நேரில் சொல்லவில்லை. நேற்றுத் துணி காயப் போடும்போது, “நீ என்ன செய்யப் போற தங்கச்சி?” என்று மட்டும் கேட்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. பெற்ற மகளைத் தள்ளிவைக்க அவரால் முடியாது, தள்ளிவைக்கவும் கூடாது.

விடுதியில் கேட்டோம். இரண்டு நாளைக்குத் தருகிறார்கள், பிரசவமான பெண்ணை வைத்துக்கொள்ள மாட்டோம் என்கிறார்கள். சிவகாமி இரவில் திரும்பிப் படுக்கும்போது வளையல் சத்தம் கேட்காமலிருக்கக் கையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள்.

ஆகவே இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ, அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கிட்டே, உங்கள் வீட்டில் ஓர் அறை இருக்குமா? தாயும் மகளும் இரண்டு பேர். குழந்தை பிறந்து முப்பது நாள் கழியும் வரை போதும். சமையல் நானே பார்த்துக்கொள்வேன், மாத வாடகை முன்கூட்டியே தருவேன். வெந்நீர் போட ஓர் அடுப்பு இருந்து, வீட்டில் வேறு கர்ப்பிணி இல்லாமல் இருந்தால் போதும். இதை வெளியிடுபவர்களிடம் என் முகவரி இருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமைக்கு முன் எங்களுக்குத் தெரிய வேண்டும். உண்டு என்றாலும் இல்லை என்றாலும் சீக்கிரம் பதில் எழுதுங்கள்.