கஞ்சியாகிவிட்ட கடற்பாசி

1974-ஆம் ஆண்டு, ஆடிக்காற்று ஓய்ந்த ஒரு ஞாயிறு. தூத்துக்குடிக் கரையில் ஒதுங்கும் பாசிகளைப் பொறுக்கி, தாளில் ஒட்டி, பெயரும் தேதியும் எழுதி வைப்பது என் வழக்கம். அன்று கிடைத்த பாசி, குட்டையாக, அடர்ந்து, கருஞ்சிவப்பாக இருந்தது. எந்தப் புத்தகத்திலும் அதன் படம் இல்லை. புதிய இனமோ என்று ஆசை பிறந்தது. கடல் ஆராய்ச்சி செய்யும் நண்பரை மறுநாள் வரச்சொல்லிவிட்டு, மண்ணும் உப்பும் போக அதைச் சட்டியில் ஊறவைத்தேன்.

மறுநாள் சட்டி காலி. கடலோர ஊரான கீழவைப்பாரிலிருந்து வந்திருந்த என் மனைவியின் அக்கா அடுப்படியிலிருந்து சொன்னார்: "ஊறப்போட்டுட்டு மறந்துட்டியளோன்னு நெனச்சேன் தம்பி. கருப்பட்டி போட்டுக் கஞ்சி காய்ச்சிட்டேன்."

"கஞ்சிக்குன்னு யார் மதினி சொன்னா?"

"பாசிய வேற எதுக்கு ஊறப்போடுவாவ?"

அந்நேரம் நண்பர் வந்தார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். சட்டியடியில் ஒட்டியிருந்த துணுக்கை லென்ஸில் பார்த்தார். பிறகு கிண்ணத்தில் ஆறி உறைந்திருந்த கஞ்சியைக் கரண்டியால் அசைத்துப் பார்த்தார்.

"இப்படி உறையுதுன்னா கஞ்சிப்பாசியேதான் சார். அலை அடிக்கிற பாறையில வளர்ந்தா இப்படிக் குட்டையாயிரும். ஒரே பாசி, இடத்துக்கு ஒரு உருவம்."

"பேரு தெரிஞ்சுபோச்சுல்லா, ஆளுக்கு ரெண்டு கரண்டி வைக்கட்டா?" என்றார் மதினி.

நானும் சாப்பிட்டேன். அந்தத் துணுக்கைத் தாளில் ஒட்டி, பெயருக்கும் தேதிக்கும் கீழே, 'சுவை: நன்று' என்று எழுதினேன். அதுவரை எந்தப் பாசியையும் நான் ருசித்துப் பார்த்ததில்லை. புதிய இனம் கிடைக்காத வருத்தம், கிண்ணம் காலியாகும் முன்பே போய்விட்டது.