நாலாம் கட்டத்துக் கதவு

நாலாம் கட்டத்தில் உலகம் சுருங்கும் என்று நான் பதினைந்து வருடத்துக்கு மேலாக நம்பியிருந்தேன். யாரிடமாவது சொல்லியிருந்தால் திருத்தியிருப்பார்கள். சொல்லவில்லை, அதனால் திருத்தவும் ஆளில்லை.

சமாதான காலத்தில் ஏ-9 பாதை திறந்ததும் அப்பா வவுனியாவுக்குப் போய் ஒரு ரீவி கேம் வாங்கி வந்தார். வெள்ளைப் பிளாஸ்ரிக் பெட்டி, வயரோடு இரண்டு கைபிடி, ஒரேயொரு மஞ்சள் கசெற். விசுவமடுவில் எங்கள் பக்கம் அப்போது மின்சாரம் இல்லை. பற்றரியில் ஓடும் சின்னக் கறுப்பு வெள்ளை ரீவி ஒன்றும் ஒரு பழைய கார் பற்றரியும்தான் இருந்தன. பற்றரி இறங்கினால் சைக்கிள் கரியரில் கட்டிச் சந்திக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் கடையில் கொடுத்து, அடுத்த நாள் எடுத்துவர வேண்டும். றேடியோ திருத்துகிற ஒருவர் ரீவி கேமின் வயரையும் வெட்டி, அதே பற்றரியில் கொழுவும்படி இரண்டு கிளிப் போட்டுத் தந்தார்.

விளையாட்டு இதுதான்: ஒரு குள்ளன் இடப்பக்கமிருந்து வலப்பக்கம் ஓடுவான். கீழே தண்ணீர், தண்ணீரில் முதலை. ஓடிக்கொண்டே பழம் பொறுக்க வேண்டும். கசெற்றில் பெயர் சீன எழுத்தில் இருந்தது. அவன் ஓடும் இடம் எங்களுக்குக் குளக்கட்டு மாதிரியே தெரிந்ததால் விளையாட்டுக்குப் பெயரும் குளக்கட்டு என்றாகிவிட்டது.

சார்ஜ் பண்ணிய பற்றரி வந்த முதல் இரண்டு நாளும் அப்பாவின் செய்திக்கு. மூன்றாம் நாள் மிஞ்சிக் கிடப்பதுதான் அக்காவுக்கும் எனக்கும். அந்த மிச்சத்தில் நாங்கள் மூன்று கட்டம் தாண்டுவோம். நாலாவது தொடங்கியதும் படத்தின் விளிம்புகள் நாலு பக்கமும் உள்ளே வரும். கறுப்புச் சட்டம் அகலமாகிக்கொண்டே போகும். குள்ளன் சிறுத்து, முதலை சிறுத்து, கடைசியில் தீப்பெட்டி அளவு வெளிச்சம் மிஞ்சி அதுவும் போய்விடும். கடைசியில் ரீவியை அணைத்தது பற்றரி என்று எனக்குத் தெரியும், அவ்வளவு மொக்கன் இல்லை. ஆனால் படம் சுருங்குவது விளையாட்டின் வேலை என்றுதான் நினைத்தேன். முதலாம் கட்டத்தின் கஷ்டம் முதலை, இரண்டாவதில் பாம்பு, மூன்றாவதில் உடைந்த பாலம், நாலாவதில் உலகம் சுருங்குகிறது. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. செய்தி ஓடும்போது படம் ஒருநாளும் சுருங்கியதில்லையே.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். நான் ரியூசனுக்குப் போயிருந்த ஒரு பின்னேரம் தனியே விளையாடிவிட்டு, சுருங்கி முடிவதற்கு முன் வலப்பக்கக் கரையைத் தொட்டால் அங்கே ஒரு கதவு இருக்கிறது என்றாள். தான் கண்டதாகவும், திறப்பதற்குள் ரீவி நின்றுவிட்டதாகவும் சொன்னாள்.

நான் எத்தனையோ மூன்றாம் நாட்களில் கரை வரைக்கும் ஓடிப் பார்த்தேன். கதவு இல்லை. அதிலிருந்து அவளுக்குக் கதவுக்காரி என்று பெயர் வைத்தேன். நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்று அவள் சொன்னாலும் சரி, கோழி புதர் பக்கம் முட்டையிட்டிருக்கிறது என்று சொன்னாலும் சரி, நான் உடனே, “அங்க கதவும் இருக்கோ?” என்பேன். கொஞ்ச நாளில் அம்மாவும் சொல்லப் பழகிவிட்டா. அக்காவுக்கு மூக்கு சிவக்கும். எனக்குக் குஷி தாங்காது.

பிறகு சண்டை வந்தது. இடம்பெயர வேண்டி வந்தபோது வன்னியில் எல்லாரும் செய்ததை நாங்களும் செய்தோம். கொண்டுபோக முடியாததைக் கிடங்கு வெட்டித் தாட்டோம். அம்மாவின் தையல் மெசின், பித்தளைப் பாத்திரங்கள், ரீவி கேம், குடும்பப் பட அல்பம் எல்லாம் பொலித்தீனில் சுற்றப்பட்டு ஒரு நீலப் பிளாஸ்ரிக் பரலுக்குள் போயின. நான் ரோட்டில் நின்ற ட்ரக்டரில் சாமான் கட்டிக்கொண்டிருந்தேன். அப்பா வெட்டினார். அக்கா அவரோடு நின்று கட்டிக் கொடுத்தாள்.

சண்டை முடிந்து, முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது வளவில் ஒரு மரமும் இல்லை. கிணறு மட்டும் இருந்தது. மாமரத்தடியில் தாட்டதாக அப்பாவுக்கு நினைவு. மாமரம் எங்கே நின்றது என்பதில்தான் அவருக்கே குழப்பம். மூன்று நாள் அலவாங்கோடு அங்கும் இங்கும் கிண்டினார். அக்காவோ, நாங்கள் அதற்கு முந்தின கிழமைதான் தகரம் போட்டு நிமிர்த்திய கொட்டிலைக் காட்டினாள்.

“கிணத்துக்கட்டில இருந்து பதினொரு எட்டு நடக்கோணும். நான் எண்ணினனான்” என்றாள்.

பதினொரு எட்டு கொட்டிலின் நடுவில் போய் நின்றது. இருந்த ஒரே கூரையைப் பிரிக்க யாருக்கும் மனமில்லை. நான் வாயைத் திறந்தேன். “அங்க கதவும் இருக்கோ?”

எல்லாரும் சிரித்தார்கள். முகாமால் வந்த பிறகு எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்பா சிரித்துக்கொண்டே அலவாங்கைக் கீழே போட்டார். யாரோ முந்திவந்து தோண்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று கதை முடிந்தது. பிறகு வீட்டுத்திட்டத்தில் கல்வீடு வந்தது, கொட்டில் விறகு அடுக்குகிற இடமானது, அக்கா புளியங்குளத்தில் கலியாணம் செய்து போனாள், அப்பாவும் காலமாகிவிட்டார்.

நான் இப்போது கிளிநொச்சியில் ஒரு கணினிக் கடையில் வேலை செய்கிறேன். போன வருடம் கைபேசியில் எதையோ தேடப்போய் அந்த மஞ்சள் கசெற்றின் படத்தைக் கண்டேன். பழைய ரீவி கேம்களைச் சேர்த்து விளையாடுகிறவர்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது. அதில் சேர்ந்தேன். அதே மாதிரிப் பெட்டியும் அதே கசெற்றும் தேடி வாங்கினேன். கசெற்றின் செப்புப் பற்களைப் பள்ளிக்கூட அழிறப்பரால் தேய்த்தால் பாதி நோய் தீரும் என்று அங்கேதான் படித்தேன். தேய்த்துப் போட்டதும் குளக்கட்டு வந்தது, முதல் தடவையாக நிறத்தோடு. குள்ளனின் சேட்டு றோஸ் நிறம். எனக்கு அது பிடிக்கவேயில்லை.

நாலாம் கட்டம் வந்தது. விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. அந்தக் கட்டத்தின் கஷ்டம் வௌவால்களாம். நாங்கள் அவற்றை ஒருநாளும் சந்தித்ததில்லை. சுவரில் இருந்த பிளக்கைப் பார்த்தேன், ரீவியைப் பார்த்தேன், விஷயம் விளங்கியது: பற்றரி இறங்க இறங்கத்தான் படம் சுருங்கியிருக்கிறது. தனியே இருந்து வயிறு நோகச் சிரித்தேன்.

அப்படியானால் கதவு? அதை விட மனம் வரவில்லை. கரையில் குந்திப் பார்த்தேன், குதித்துப் பார்த்தேன், பழம் ஒன்றும் எடுக்காமல் போய்ப் பார்த்தேன், எல்லாம் எடுத்துக்கொண்டும் போய்ப் பார்த்தேன். செய்ததையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதினேன். இரண்டு மாதம் இதே வேலை. பைத்தியம் பிடித்துவிட்டதா என்று அம்மா கேட்டா. கடைசியில் குழுவில் கேட்டேன். பிறேசிலில் இருக்கிற ஒருவர் நாலாம் கட்டம் முழுவதையும் ஒரே நீளப் படமாக ஒட்டி அனுப்பினார். கசெற்றுக்குள் இருக்கிற படங்களையெல்லாம் பிரித்துப் பார்த்துவிட்டதாகவும், கதவு என்று ஒன்று அதில் வரையப்படவே இல்லை என்றும் எழுதியிருந்தார்.

சனிக்கிழமை அந்தப் படத்தோடு பஸ் ஏறிப் புளியங்குளம் போனேன். குசினிக் கதிரையில் இருந்துகொண்டு அக்காவிடம் கைபேசியை நீட்டினேன். அவள் விரலால் தள்ளித் தள்ளி முழுவதையும் பார்த்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்.

“அது நான் சும்மா சொன்னது. அப்பிடிச் சொல்லியிருக்காட்டி நீ என்ர முறைய எனக்குத் தந்திருக்க மாட்டாய். நான் விளையாடினா கதவு தெரியும் எண்டு பக்கத்தில பேசாம இருந்து பாப்பாய்.”

நான் வெற்றியோடு சிரிக்கத் தொடங்கினேன். அவள் கைபேசியைத் திருப்பித் தந்தாள்.

“ஆனா கிடங்கு நான் சும்மா சொல்லேல்லை, தம்பி.”

சிரிப்பு வாயிலேயே நின்றது. ஒரு கதவைத் தேடிக் கொப்பி நிறைய எழுதியவனுக்கு, பதினொரு எட்டு நடந்து பார்க்க இத்தனை வருடம் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு காலை அக்கா விசுவமடு வீட்டுக்கு வந்தாள். விறகை அப்புறப்படுத்தினோம். அவள் கிணற்றுக்கட்டில் முதுகை வைத்து எண்ணிக்கொண்டு நடந்தாள். அவள் நின்ற இடத்தில் வெட்டினேன். இடுப்பளவு போனதும் மண்வெட்டி நீல மூடியில் பட்டது.

மூடி வெடித்திருந்தது. உள்ளே மழைத்தண்ணீர் எத்தனை தடவை போய் வந்ததோ. பாத்திரங்கள் களிம்பு பிடித்துக் கிடந்தன. தையல் மெசின் ஒரே துருக்கட்டி. ரீவி கேமுக்கு ஒன்றும் ஆகவில்லை. கழுவினால் அதே வெள்ளை. அல்பத்தை அம்மா மடியில் வைத்துத் திறந்தா. படங்களெல்லாம் பக்கத்தோடு ஒட்டி, ஊறி, நிறம் கழன்று, மஞ்சளும் சிவப்புமாகக் கறை மட்டும் மிஞ்சியிருந்தது. நாங்கள் வந்த அன்றே வெட்டியிருந்தால் ஒன்றிரண்டு மழைதான் போயிருக்கும். அப்பாவின் முகத்துக்கு அடையாள அட்டைப் படம் ஒன்றுதான் எங்களிடம் இருக்கிறது. எனக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை. அக்கா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, படம் அழிந்துபோன முதல் பக்கத்தில் விரல் வைத்தாள். “இது தம்பிக்குக் காது குத்தினது. அப்பா தூக்கி வைச்சிருக்கிறார். சேட்டில மேல் தெறி அறுந்துபோய்க் கிடக்கு.”

நான் குனிந்து அந்த மஞ்சள் கறையைப் பார்த்தேன். “அப்பா சிரிக்கிறாரோ?” என்று கேட்டேன்.

“ஓம். வடிவாச் சிரிக்கிறார்.”

நம்பினேன். அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொன்னேன்.